டில்லிக் குளிரும் தூளித் துணியும்

(ஆண்டு விழாவில் மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)



பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நிறைந்த ஆண்டு விழாவிலே குழந்தைத் துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது மேடைக்கு உரிய பொருளா என்று ஐயுறுவாரும் இருத்தல் கூடும். ஆயினும் நம் காலனியிலே இந்தக் குளிர்காலத்தில் சில வீடுகளில் தொட்டில் ஆடப் போகின்றது. அவ்வீட்டார்க்கு இதனினும் பெரிய பொருள் வேறு இராது. உறங்காது அழும் மகவைத் தோளிலிட்டு, இரவெல்லாம் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தவர்கள் இந்த அவையிலே பலர் இருக்கின்றீர்கள்.

டில்லியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பேறு என்றால் ஊரிலிருந்து பாட்டி வந்து சேர்வார். அவர் கொணரும் மூட்டையிலே பேறுகால லேகியமும் வசம்பும் இருக்கும். அவற்றின் கீழே, பல்லாண்டு வெளுத்து நைந்த வேட்டித் துண்டுகளும் பருத்திப் புடைவை ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெயரிடும் நாள் வரையில் மகவுக்குப் பழந்துணியே உடுத்துவது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். அதனை வறுமையின் அடையாளமென்று எண்ணுவோர் உண்டு. கடையிலிருந்து வரும் புதுத்துணியிலே நெசவின்போது ஏற்றிய பசையும், சுருக்கம் விழாதிருக்கச் சேர்த்த மருந்தும், மிஞ்சிய சாயமும் இருத்தல் கூடும். நூறு முறை துவைத்த துணியில் இவை எவையும் எஞ்சா. சுருக்கம் நீக்கும் அம்மருந்துகளுள் சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் கசியும். கைக்குழந்தைகளின் ஆடையில் அஃது இருத்தலாகாது என்று ஜப்பானியர் 1973-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். சட்டம் ஏதுமின்றி நம் பாட்டிமார் அதே பயனைத் துவைகல்லிலே பெற்றுவிட்டனர். புத்தாடை வாங்குவோர் அதனை இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் உலர்த்திய பின்னரே மகவுக்கு அணிவித்தல் நன்று.

ஆனால், தஞ்சையிலோ நெல்லையிலோ மார்கழிப் பனிக்குமேல் குளிரறியாத அந்தப் பாட்டியார், டில்லியின் மூடுபனியைச் சன்னல் வழியே கண்டதும் கலங்கிப் போகின்றார். இரவிலே 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர் அவர்க்குப் புதிது. கொணர்ந்த பழந்துணி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. மகவின்மேல் முதலில் ஓர் உட்சட்டை. அதன்மேல் முழுக்கைச் சட்டை. அதன்மேல் அக்கம்பக்கத்தார் அன்போடு பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். தொப்பி, கையுறை, காலுறை. பின்னர்ப் பரிசாக வந்த, கரடிக்குட்டி படம் போட்ட செயற்கைக் கம்பளி. அதன்மேல் பெரியவர்களின் ரஜாய். அறையிலே ஹீட்டர். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் மூன்று கிலோ உயிர் அழுகின்றது. பசி என்று பால் தருகின்றார்கள். வயிற்றுவலி என்று கிரைப்வாட்டர் தருகின்றார்கள். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றுகின்றார்கள். பிடரியிலே விரல் வைத்துப் பார்ப்பவர் எவரும் இலர். அங்கே வியர்வை ஊறிக்கொண்டிருக்கும்.

பாட்டியாரின் அச்சம் பொய்யன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களோடு ஒப்பிட்டால், எடைக்கு ஏற்பக் குழந்தைக்குத் தோலின் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. பரப்பு மிகுந்தால் வெப்பம் விரைவில் வெளியேறும். நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் ஆற்றலும் பிறந்த குழந்தைக்கு இல்லை. தோள்களினிடையிலும் கழுத்தருகிலும் உள்ள ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் தேடிக்கொள்கின்றது. எடை குறைந்து பிறந்த மகவுக்கு அக்கொழுப்பும் குறைவு. ஆதலின் குளிர் தாக்கினால் அதனால் தாங்க இயலாது. உலக சுகாதார நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல், பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருத்தல் வேண்டும் என்கின்றது. பெரியவர்கள் உடுத்துவதைவிட ஒன்றோ இரண்டோ அடுக்கு மிகுதியாக உடுத்துங்கள் என்பதும் அந்நூலின் அறிவுரையே. ஒன்றோ இரண்டோ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு என்று அவர்கள் சொல்லவில்லை.

மிகையான வெம்மை தரும் தீங்கு அழுகையோடு முடிவதன்று. உறங்கச் சென்ற நலமான குழந்தை, காரணம் எதுவும் புலப்படாமல் உறக்கத்திலேயே இறந்துபோகும் துயரம் ஒன்று உண்டு. மேலைநாட்டு மருத்துவர்கள் இதனைப் பன்னெடுங்காலம் ஆராய்ந்தனர். 1990-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் நடந்த ஆய்வொன்று, குப்புறப் படுக்க வைத்தலும் கனமாகப் போர்த்துதலும் இவ்விறப்போடு தொடர்புடையன என்று காட்டிற்று. மறு ஆண்டு முதல், குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள் என்னும் இயக்கம் பிரிட்டனில் பரவியது. சில ஆண்டுகளிலேயே இவ்வகை இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மல்லாத்திப் படுக்க வைப்பது நம் நாட்டிலே பெரும்பாலும் உள்ள வழக்கந்தான். போர்வையின் செய்தியிலேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனித் துணிக்கு வருவோம். இயற்கை இழை என்றும் செயற்கை இழை என்றும் கடைக்காரர் பேசுகின்றார். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை எதிலே இருக்கின்றது? ஈரத்தை ஏற்பதிலே இருக்கின்றது. நடுத்தர ஈரமுள்ள காற்றிலே 100 கிராம் உலர்ந்த பருத்தியை வைத்தால், அது தானாகவே 8 கிராமுக்குச் சற்று மேலாக ஈரம் உறிஞ்சிக்கொள்ளும். பட்டு ஏறக்குறைய 11 கிராம் கொள்ளும். ஆட்டுக் கம்பளி 15 கிராமுக்கு மேலும் கொள்ளும். கொண்டும் தொடுவதற்கு ஈரமாய்த் தோன்றாது. பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்பதில்லை. குழந்தையின் மேனியிலிருந்து எழும் நுண்ணிய ஈரம் பருத்தியிலே புகுந்து வெளிக்காற்றிலே கலந்துவிடும். நெருக்கமான செயற்கைக் கம்பளிக்குள் அஃது ஆவியாய்ச் சூழ்ந்து நிற்கும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு எழுவதற்கு இதுவே வழி. அரிப்பெடுத்த குழந்தை எங்ஙனம் உறங்கும்? கோடையிலே 45 டிகிரி வெயிலில் இஃது எல்லோர்க்கும் விளங்கும். குளிர்காலத்திலும் இதுவே நடக்கின்றது என்பதுதான் பலர்க்கும் புலப்படுவதில்லை.

பருத்தியே போதும் என்று சொல்லவும் நாம் வரவில்லை. பருத்தி ஈரத்தை வாங்கும். ஆனால் நனைந்துவிட்டால் எளிதில் விடாது. சிறுநீரில் நனைந்த பருத்தித் துணி டில்லிக் குளிரிலே அரை மணி நேரம் குழந்தையின் மேலிருந்தால் உடல் வெப்பத்தை இழுத்துவிடும். தஞ்சையில் உலர்ந்துவிடும் துணி இங்கே சனவரியில் இரண்டு நாளாகியும் உலர்வதில்லை. ஆகவே இரவிலே ஒருமுறை கழித்தெறியும் நாப்கினைக் கட்டுகின்ற இளந்தாயரைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டா. அது செயற்கைப் பொருளே. ஆனால் குழந்தை ஈரமின்றி உறங்குகின்றது, தாயும் சற்றே கண்ணயர்கின்றாள்.

கம்பளியின் சிறப்பு வேறு. ஈரத்தை ஏற்கும்போதே சிறிது வெப்பத்தையும் அது வெளியிடும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1983-ஆம் ஆண்டிலே லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளை ஆட்டுக்குட்டியின் கம்பளி விரிப்பில் கிடத்தியபோது, பருத்தி விரிப்பில் கிடத்தியதினும் எடை நன்கு ஏறிற்று என்று கண்டனர். அது மருத்துவமனையிலே, செவிலியர் கண்காணிக்கும் படுக்கையிலே நடந்தது. இதைக் கேட்டு வீட்டிலே மெத்தென்ற ஆட்டுத்தோலை விரித்துவிடலாகாது. மென்மையான விரிப்பிலே முகம் புதைந்தால் மூச்சுத் தடைபடும் என்பதனால், வீட்டிலே குழந்தை உறங்கும் படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர்கள் முடிவு. கம்பளியைச் சட்டையாக உடுத்தலாம். அப்போதும் தோலைத் தொடும் அடுக்கு பருத்தியாய் இருக்கட்டும். கம்பளி மயிர் 30 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் அதன் நுனி தோலைக் குத்தும். நாம் கம்பளிக்கு ஒவ்வாமை என்று சொல்லுவது பெரும்பாலும் இக்குத்தலே. நம் மாதர் கடையிலே உருண்டை உருண்டையாக வாங்கிப் பின்னும் நூலில் பெரும்பகுதி கம்பளியே அன்று, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை என்பதையும் இடையிலே சொல்லிவைக்கின்றோம். பின்னிய அன்பில் குறையில்லை. நூலின் சீட்டை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டா. பெயர்சூட்டு விழாவிலே படமெடுக்கும் நேரத்துக்குப் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டு, உடனே கழற்றிவிடுங்கள், சரிகை கீறும். தோல் வரட்சியும் படையும் உள்ள குழந்தைகளுக்கென்று மிக்க விலையில் விற்கும் பட்டுள்ளாடைகளை இங்கிலாந்தில் 300 குழந்தைகளிடம் சோதித்தனர். வழக்கமான மருத்துவத்துக்கு மேலாக அவற்றால் பயனில்லை என்று 2017-இல் வெளியிட்டனர். மூங்கில் துணி என்று இப்போது ஒன்று விற்பனையாகின்றது. மூங்கிலை வேதிப்பொருளிலே கரைத்து, மீண்டும் இழையாக இழுத்த ரேயானே அவற்றுள் பெரும்பாலானவை. இவற்றை மூங்கில் என்று மட்டும் விளம்பரம் செய்த வணிகர்மேல் அமெரிக்க வாணிப ஆணையம் 2009-இல் நடவடிக்கை எடுத்தது. ரேயான் மென்மையானது, ஈரமும் ஏற்பது. குழந்தைக்கு ஆகாது என்று சொல்லோம். பெயருக்காகக் கூடுதல் விலை தருவதுதான் வேண்டாத செயல்.

இப்போது சொல்லப் போவதை மட்டுமேனும் நினைவிலே கொள்ளுங்கள். ஐப்பசி கழிந்ததும் பரணிலிருந்து கம்பளிப் பெட்டியை இறக்குகின்றோம். மூத்த பிள்ளைக்குப் போட்ட ஸ்வெட்டர், தொப்பி, போர்வை எல்லாம் அதிலே இருக்கும். இடையிடையே வெள்ளை வெள்ளையாய் அந்துருண்டைகளும் இருக்கும். அதன் மணம் நமக்குப் பழகிய மணம். ஆனால் அவ்வுருண்டையிலுள்ள நாப்தலின் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் குருதியிலே சேரும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. நம் நாட்டிலும் பல சமூகங்களில் அக்குறை காணப்படுகின்றது. பார்த்த அளவிலே தெரியாது. அத்தகைய மகவின் சிவப்பணுக்களை நாப்தலின் சிதைத்துவிடும். மஞ்சட்காமாலை கடுமையாக ஏறும். மூளையைத் தாக்கவும் கூடும். உயிர்க்கே ஊறு நேர்ந்ததும் உண்டு. ஆதலின் அந்துருண்டையோடு கிடந்த துணி கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டா. குழந்தைத் துணிகளைத் துவைத்து, நன்கு உலர்த்தி, வேப்பிலைச் சருகு இட்டு வேறு பெட்டியிலே வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வெயில் காட்டினால் போதும். டில்லி வெயிலுக்கு அஞ்சாத பூச்சியும் உண்டோ?

பழந்துணியின் பெருமையைச் சொன்னோம். அதிலே ஒரு சிக்கல் வந்து சேர்ந்திருக்கின்றது. நம் தாய்மாரின் இளமையில் நைலக்ஸ் வந்தது. பின்னர்ப் பாலியெஸ்டர் வந்தது. கஞ்சி போட வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம் என்று மகிழ்ந்து வாங்கினோம். விளைவு, இன்று ஒரு வீட்டிலே பழம்புடைவை என்று எடுத்தால் அது பருத்தியாய் இருக்கும் என்னும் உறுதி இல்லை. பாட்டி சொன்னாரே என்று பழைய செயற்கைச் சேலையிலே தூளி கட்டினால், அப்பழமொழியின் உயிரை விட்டு உடலைப் பற்றியவர் ஆவோம். ஐயமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, குழந்தையில்லா இடத்திலே விளக்கில் காட்டுங்கள். பருத்தியாயின் காகிதம் கரியும் மணம் வரும். சாம்பல் விரலில் தூளாகும். கம்பளியோ பட்டோ ஆயின் மயிர் கருகும் நாற்றம் எழும். செயற்கை இழையாயின் உருகிச் சுருண்டு, ஆறியபின் கல்போன்ற மணியாகும். கலப்பு நூலாயின் இரண்டும் காணும்.

அயலூரில் வாழ்வதன் பேறு ஒன்று உண்டு. நம் சுவருக்கு அடுத்த வீட்டிலே வங்காளத்து அம்மையார் இருப்பார். அவர் வீட்டுக் குழந்தையின் அடியிலே கிடப்பது காந்தா. பழம் பருத்திச் சேலைகளை அடுக்கிவைத்து ஓட்டுத்தையல் போட்டது. பீகாரிலே அதற்கு நிகரானது சுஜனி. அதுவும் பிறந்த குழந்தைக்கென்றே தைக்கத் தொடங்கியதுதான். பஞ்சாபியர் வீட்டிலே பருத்தி நூலில் தடித்து நெய்த கேஸ் என்னும் விரிப்பு உண்டு. நாம் வேட்டியைக் கிழித்தோம், அவர்கள் சேலையை அடுக்கினார்கள், அறிவு ஒன்றே. இவற்றிலே நமக்கு வேண்டிய நுட்பம் அடுக்கு. ஒரே கனத்த போர்வையினும் மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். இடையிலே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். வெம்மை மிகுந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். ரஜாயில் அது கூடாது. குளிர் தொடங்குமுன் பஞ்சு கொட்டுபவரின் வில்லொலி சந்திலே கேட்டதும் நாம் ரஜாயை எடுத்தோடுகின்றோம். அடித்து நிரப்பிய அந்த ரஜாய் நமக்கு ஆகட்டும். குழந்தையின் முகத்தின்மேல் அது சரிந்தால் விலக்க அதற்குக் கையில் வலிமையில்லை. முழங்காலுக்குக் கீழும் நீண்டு பை போல் தைத்த பருத்திச் சட்டை, தளர்ந்த போர்வையைவிடப் பாதுகாப்பானது. இரண்டு மீட்டர் துணியும் ஒரு பிற்பகலும் இருந்தால் நம் வீட்டுத் தையற்பொறியிலேயே தைத்துவிடலாம். கழுத்துப் பகுதி தலை வழியே நழுவாத அளவு இறுக்கமாக இருத்தல் வேண்டும். நாடா எதுவும் தொங்கலாகாது.

தூளிக்கு வருகின்றோம். தூளியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் இந்த அவையிலே நமக்கு இடமிராது, சொல்லவும் நினைக்கவில்லை. பருத்திப் புடைவையின் வழியே காற்று இரு புறமும் புகும். தாயின் கையசைவு ஆட்டத்திலே தொடரும். அழுத பிள்ளை அடங்கும். விட்டம் இல்லாத குவார்ட்டர்ஸ் வீடுகளில் இரும்புச் சட்டமும் சுருள்வில்லும் வாங்கித் தூளி கட்டுகின்றார்களே, அதிலேயே தெரியவில்லையா அதன் மகிமை? ஆனால் தூளியிலே முதுகு வளையும்; கழுத்து வலுக்காத இளம் மகவின் மோவாய் மார்பிலே படிந்தால் மூச்சு நெருங்கும். ஆகவே ஆட்டி உறங்க வைக்கும்போது ஒருவர் கண் அதன்மேல் இருக்கட்டும்; உறங்கியபின் சமமான படுக்கையிலே மல்லாத்திக் கிடத்துங்கள். இரவு முழுதும் தூளி வேண்டா. வெறுந்தூளியைத் தொங்கவும் விடாதீர்கள். மூத்த பிள்ளைகள் அதிலே சுழன்றாடிக் கழுத்திலே துணி முறுக்கிக்கொண்ட விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பிள்ளை இறங்கியதும் புடைவையை அவிழ்த்து மடித்துவிடுவது எளிதன்றோ?

எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை அறைக்கு அறை, வீட்டுக்கு வீடு எவரும் எழுதித் தர இயலாது. பிரிட்டனில் அறை வெப்பம் 16 முதல் 20 டிகிரி வரை இருக்கட்டும் என்பர். நம் குவார்ட்டர்ஸ் அவ்வாறு நம் சொற்படி கேட்பதில்லை. கையே கருவி. பிறந்த முதல் நாட்களிலே வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் செவிலியர்க்குக் கற்பிக்கின்றார்கள். இரண்டும் வெதுவெதுப்பாயின் நன்று. வயிறு வெதுவெதுப்பாயும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது; இன்னொரு போர்வையைத் தேடுமுன் தாயின் மார்போடு தோலுறத் தோல் சேர்த்து அணைத்து, இருவர்க்கும் மேலாகப் போர்த்துங்கள். கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகர மருத்துவர்கள் 1978-ஆம் ஆண்டளவில் எடை குறைந்த குழந்தைகளை இவ்வாறே காக்கத் தொடங்கினர். இன்று உலகெங்கும் அம்முறை உண்டு. வயிறும் குளிர்ந்துவிட்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில மாதமான குழந்தைக்குக் கைகால் சற்றே குளிர்ந்திருப்பது இயல்பு. பிடரியையும் மார்பையும் தொடுங்கள். அங்கே வியர்வையோ அனலோ இருந்தால் ஓர் அடுக்கை எடுத்துவிடுங்கள். வீட்டினுள் உறங்கும்போது தலையை மூட வேண்டா; மிகுந்த வெம்மை வெளியேறும் வழி அதுவே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2022-இல் அவ்வாறே உரைத்திருக்கின்றது. குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த மகவுக்குத் தொப்பி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அவர் சொல்லே சொல். மூடிய அறையிலே அங்கீட்டியில் கரி மூட்டுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. அதன் நச்சுப்புகை உறக்கத்திலேயே பெரியவர்களையும் கொண்டுபோகும்.

மாதர் பிரிவினர் கூடத்தின் இடப்புறத்து மேசையிலே சில துணிகளை வைத்திருக்கின்றனர்: ஒரு வேட்டித் துண்டு, ஒரு காந்தா, ஒரு கேஸ், பையுருவில் தைத்த சட்டை ஒன்று, அதனை வெட்டுவதற்கான காகித அளவு. எரித்துப் பார்க்க இழைகளும் அகல்விளக்கும் வெளித்திண்ணையில் உள்ளன. காகித அளவை வேண்டுவோர் படியெடுத்துச் செல்லலாம். அடுத்து இசை நிகழ்ச்சி தொடங்கக் கால்மணி நேரம் இருக்கின்றது.